2016ல ஜிஎச்ல ஆபரேஷன் பண்ண அப்பாவோட பயாப்சி ரிப்போர்ட்டை இப்ப வாங்க முடியுமா?

டெல்டாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 2016ல பெருங்குடல்ல கேன்சர்னு சொல்லி ஒரு கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில (பேர் வேணாம்) முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ணாங்க. அப்ப அவருக்கு வயசு 47. கீமோவும் அங்கயே தான், 2017 கடைசில தவறிட்டார். ஃபைல் எல்லாம் அம்மா பத்திரமா தான் வச்சிருந்தாங்க, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எங்க ஓட்டு வீட்டுக் கூரையோட சேந்து அதுவும் போச்சு. ஊர்ல பாதி பேருக்கு பட்டா, மார்க் ஷீட்டே போச்சு, அந்த நேரத்துல செத்துப் போனவரோட ஆஸ்பத்திரி ஃபைலை யாரு தேடுனா.

இப்ப விஷயம் என்னன்னா, தங்கச்சிக்கு 31 வயசு, கொஞ்ச நாளா மோஷன்ல ரத்தம் வருதுன்னு திருச்சில ஒரு டாக்டர்கிட்ட காட்டுனோம், கொலனாஸ்கோப்பி (குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறது) பண்ணி ஒரு பாலிப் (குடல் உள்சுவர்ல வளர்ற சின்ன சதை) எடுத்துட்டாங்க, பயப்பட ஒண்ணும் இல்லன்னுட்டார். ஆனா வீட்ல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சான்னு கேட்டாரு, அப்பா கதையையும், அப்பாவோட அக்கா அதாவது எங்க அத்தைக்கு கர்ப்பப்பைல கேன்சர் வந்து எடுத்ததையும் சொன்னதும் அவர் முகமே மாறிப் போச்சு. இது பரம்பரையா வர்ற வகையா இருக்கலாம், அப்பாவோட பயாப்சி ரிப்போர்ட் எப்படியாச்சும் கொண்டு வாங்கன்னாரு.

சரின்னு ஆஸ்பத்திரிக்கு போனா வார்டுல எம்ஆர்டிக்கு (பழைய ரெக்கார்டு வைக்கற பிரிவு) போங்கன்றாங்க, எம்ஆர்டில ஐபி நம்பர் (உள்நோயாளி நம்பர்) இருக்கான்றாங்க, இல்லன்னா தேட முடியாதாம், அதுவும் பத்து வருஷ கேஸ் ஷீட் எல்லாம் இருக்காது, 3 வருஷம் வச்சா போதும்னு ரூல் இருக்குன்னு ஒருத்தர் நிமிந்து கூட பாக்காம சொல்லி அனுப்பிட்டாரு. டெத் சர்டிபிகேட் எடுத்துப் பாத்தேன், அதுல என்ன நோய்னு எழுதவே இல்ல.

நிஜமாவே 3 வருஷம் தானா? வேற எங்கயாச்சும் இருக்க சான்ஸ் இருக்கா? நான் பையன், எனக்கு கேக்க உரிமை இருக்கா இல்ல அம்மா தான் கேக்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்டி ஆபீசர்:

ஆர்டிஐ போடுங்க ப்ரோ. 10 ரூவா தான். தானா தேடி எடுத்துக் குடுப்பாங்க.

பழைய ஃபைல்:

ஆர்டிஐ போட்டா தானா வந்துரும்னு சொல்றவங்க பாதி பேரு ஒரு தடவை கூட போட்டிருக்க மாட்டாங்க. நான் சுகாதாரத்துறைல அமைச்சுப் பணியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து இந்த மாதிரி மனுவெல்லாம் வாங்கினவன், அதனால தெரிஞ்சதை சொல்றேன் தம்பி.

முதல்ல அந்த 3 வருஷ கதை. 2002ல வந்த மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகள்ல இருக்கறது என்னன்னா, உள்நோயாளி ரெக்கார்டை சிகிச்சை ஆரம்பிச்ச தேதில இருந்து 3 வருஷமாச்சும் வச்சிருக்கணும், நோயாளியோ அவர் அனுமதி குடுத்த ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். 2023ல புதுசா ஒரு விதி கொண்டாந்தாங்க, அதே மாசத்துலயே நிறுத்தி வச்சுட்டாங்க, அதனால 2002 விதி தான் இன்னும் ஓடுது. 3 வருஷம்ங்கறது குறைஞ்ச பட்சம், அதுக்கு மேல இருந்தா கிழிச்சுப் போடணும்னு அர்த்தம் இல்ல. நிறைய ஆஸ்பத்திரில அழிக்க ஆள் இல்லாமலே மூட்டை மூட்டையா கிடக்கும், போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டதுன்னா தனியா எடுத்து வச்சிருப்பாங்க. அரசாங்க ரெக்கார்டை அழிக்கறதுன்னா சும்மா தீ வச்சுட முடியாது, அதுக்கு ஒரு உத்தரவு, எதை அழிச்சோம்னு ஒரு பட்டியல் இருந்தாகணும். கவுண்டர்ல இருக்கறவர் வாயால "இல்ல"ன்னு சொன்னதை நான் பதிலாவே எடுத்துக்க மாட்டேன்.

நீங்க செய்ய வேண்டியது, டீனுக்கு ஒரு மனு, வெள்ளைத்தாள்ல தமிழ்ல எழுதுனா போதும். அப்பா பேரு, அவரோட அப்பா பேரு, வயசு, அப்ப இருந்த அட்ரஸ், எந்த மாசம் அட்மிட் ஆனார், எந்த யூனிட், முதலமைச்சர் காப்பீட்டுல பண்ணதுன்னு எல்லாம் போடுங்க. இறப்புச் சான்று நகல், வாரிசுச் சான்று நகல், உங்க ஆதார் நகல் வைங்க. அம்மா கையெழுத்து போட்டா நல்லது, நீங்க போட்டாலும் தப்பில்ல, ரெண்டு பேரும் போட்டா யாரும் வாய் திறக்க முடியாது. எதுக்குன்னு ஒரு வரி, மகளோட சிகிச்சைக்கு டாக்டர் கேட்டிருக்கார்னு எழுதி திருச்சி டாக்டர் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து இணைங்க. மனுவை எம்ஆர்டில குடுக்காதீங்க, தபால் பிரிவுல குடுத்து உங்க நகல்ல தேதியோட சீல் வாங்குங்க. கையில குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்களா, ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வச்சுக்கோங்க. சீல் இல்லாத மனு மனுவே இல்ல.

டெத் சர்டிபிகேட்ல நோய் பேரு போடக்கூடாதுன்னே பிறப்பு இறப்பு பதிவுச் சட்டத்துல இருக்கு, அதனால அது உங்க ஆஸ்பத்திரி தப்பு இல்ல. சாவுக்கு காரணம் என்னன்னு டாக்டர் எழுதற சான்று தனி. 2023 அக்டோபருக்கு அப்புறம் ஆஸ்பத்திரில இறந்தா அதோட ஒரு நகலை நெருங்கின சொந்தக்காரங்களுக்கும் குடுக்கணும்னு சட்டத்தை திருத்திட்டாங்க, உங்க அப்பா அதுக்கு முன்னாடி போயிட்டார்.

டெல்டாக்காரன்:

ரொம்ப நன்றி சார். ஆர்டிஐ அப்ப வேண்டவே வேண்டாமா?

பழைய ஃபைல்:

வேணும், ஆனா ரெண்டாவதா. மனு குடுத்து கொஞ்ச நாள் பாருங்க, பதில் இல்லன்னா போடுங்க. ஆஸ்பத்திரியோட பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பணும், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், ஆன்லைன்லயும் போடலாம். 30 நாள்ல பதில் வரணும், அந்தக் கெடு தாண்டிட்டா அப்புறம் குடுக்கற நகலுக்கு காசு கேக்கக்கூடாது. பதில் வரலன்னாலும், வந்தது சரியில்லன்னாலும் அங்கேயே மேல்முறையீடு, அதுக்கு அப்புறம் சென்னை தகவல் ஆணையம், அது வரைக்கும் போனா வருஷக் கணக்கா ஆகும், உங்க தங்கச்சி விஷயத்துக்கு அதை நம்பி உக்காந்திருக்கக் கூடாது.

கேக்கற விதம் தான் முக்கியம். "ஏன் தரவில்லை" "யார் பொறுப்பு" இதெல்லாம் எழுதாதீங்க, அது தகவல் இல்ல கேள்வின்னு ஒரே வரில மூடிடுவாங்க. இன்ன தேதில நான் குடுத்த மனு மேல எடுத்த நடவடிக்கைக் குறிப்போட நகல் கேளுங்க. 2016ம் வருஷ உள்நோயாளி ரெக்கார்டுகள் அழிக்கப்பட்டிருந்தா அந்த உத்தரவோட நகலும் பட்டியலோட நகலும் கேளுங்க. இது கேட்டதும் பல இடத்துல மூட்டைக்குள்ள இருந்து கேஸ் ஷீட் எந்திரிச்சு வரும். ஏன்னா அழிச்சதுக்கு பேப்பர் இருக்காது.

சட்டம் படிச்சவன்:

ஒரு விஷயம் சேத்துக்கணும். ஆர்டிஐ சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவை (தனிப்பட்ட தகவலுக்கான விலக்கு) தனிநபர் தரவு சட்டம் மூலமா திருத்தி அது 2025 நவம்பர்ல அமலுக்கு வந்துடுச்சு. முன்னாடி தனிப்பட்ட தகவல்னாலும் பொதுநலன் இருந்தா குடுக்கலாம்னு அந்தப் பிரிவுக்குள்ளயே ஒரு வழி இருந்துச்சு, இப்ப தனிப்பட்ட தகவல்னாலே விலக்குன்னு சுருக்கிட்டாங்க. அதனால ஆர்டிஐல நேரடியா "அப்பாவோட மெடிக்கல் ரெக்கார்டு குடு"ன்னு கேட்டா அந்த நம்பரைப் போட்டு திருப்பி அனுப்ப அவங்களுக்கு சுலபமா போச்சு. மேல சார் சொன்ன மாதிரி ரெக்கார்டை வாரிசா மனுவுல கேளுங்க, மனு என்ன ஆச்சு, அழிச்ச உத்தரவு எங்கன்றதை ஆர்டிஐல கேளுங்க. ரெண்டாவது கேள்வில யாரோட தனிப்பட்ட தகவலும் இல்ல.

பழைய ஃபைல்:

சரியா சொன்னீங்க வக்கீல் சார். எங்க காலத்துல இந்த திருத்தம் இல்ல.

மைக்ரோடோம்:

நான் ஒரு மெடிக்கல் காலேஜ் பெத்தாலஜி லேப்ல (வெட்டி எடுத்த சதையை டெஸ்ட் பண்ற இடம்) டெக்னீசியன் (உங்க ஆஸ்பத்திரி இல்ல). இந்த த்ரெட்ல எல்லாரும் எம்ஆர்டியையே பிடிச்சு தொங்கறீங்க, பயாப்சி ரிப்போர்ட்டுக்கு எம்ஆர்டி எதுக்குங்க?

ஆபரேஷன்ல வெட்டி எடுத்த குடல் துண்டு நேரா எங்க டிபார்ட்மெண்டுக்கு தான் வரும். வந்த உடனே ஸ்பெசிமன் ரெஜிஸ்டர்ல ஒரு எச்பிஇ நம்பர் (சதை பரிசோதனை நம்பர்) போட்டு பேரு, வயசு, ஐபி நம்பர், வார்டு, தேதி எழுதுவோம். ரிப்போர்ட் டைப் பண்ணி ஒரு காப்பி வார்டுக்கு போகும் (அது தான் கேஸ் ஷீட்ல இருக்கறது), ஒரு காப்பி எங்க கிட்ட இருக்கும். ஐபி நம்பர் உங்ககிட்ட இல்லன்னா பரவால்ல, ஆபரேஷன் நடந்த மாசம் தெரிஞ்சா போதும், ரெஜிஸ்டரை தள்ளிப் பாத்தா பேரு கிடைச்சிடும், எச்பிஇ நம்பரோட ஐபி நம்பரும் அதே வரில இருக்கும், அதை வச்சு எம்ஆர்டிக்கு திரும்பப் போகலாம். மெடிக்கல் காலேஜ்ங்கறதால பிஜி பசங்களுக்கு தீசிஸ்க்கு பழைய கேஸ் தேவைப்படும், அதனால கேஸ் ஷீட் போன அளவுக்கு எங்க ரெஜிஸ்டர் சீக்கிரம் போகாது.

இன்னொன்னு, உங்க டாக்டர் இன்னும் கேக்கல, ஆனா அடுத்து கேப்பாரு பாருங்க. பாரஃபின் ப்ளாக். சதையை மெழுகுக்குள்ள பதிச்சு சின்ன கட்டியா வச்சிருப்போம், அதுல இருந்து சீவி தான் ஸ்லைடு போடறது. அது பத்து வருஷம் ஆனாலும் கெடாது. பரம்பரை குடல் கேன்சர்ல லிஞ்ச் சிண்ட்ரோம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முதல் படியா அந்த ப்ளாக்ல ஐஎச்சின்னு ஒரு சாயம் போடற டெஸ்ட் பண்ணி எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2ன்னு நாலு புரோட்டீன் இருக்கா இல்லையான்னு பாப்பாங்க. 2016 ரிப்போர்ட்ல இது பண்ணியிருக்க வாய்ப்பு கம்மி. அதனால ரிப்போர்ட் கிடைச்சதோட கிளம்பிடாதீங்க, மனுவுலயே "பயாப்சி அறிக்கை நகல் மற்றும் பாரஃபின் ப்ளாக், ஸ்லைடு"ன்னு சேத்து எழுதுங்க. பெத்தாலஜி எச்ஓடி (துறைத் தலைவர்) பேருக்கும் ஒரு காப்பி போடுங்க. ப்ளாக் குடுக்கும்போது திருப்பித் தர்றேன்னு எழுதி வாங்குவாங்க, அது எல்லா இடத்துலயும் உண்டு.

டெல்டாக்காரன்:

சார் இது யாருமே சொல்லல எனக்கு. அப்பாவோட ஒரு துண்டு இன்னும் அங்க இருக்குன்றதே கேக்க ஒரு மாதிரி இருக்கு. அத்தையும் இதுல வருவாங்களா? அவங்களுக்கு 2019ல வேற ஒரு ஜிஎச்ல பண்ணது.

புறநோயாளி:

நான் டாக்டர், ஆனா உங்க தங்கச்சியைப் பாக்காம வைத்தியம் சொல்ல மாட்டேன், பொதுவா மட்டும் சொல்றேன்.

அத்தை உயிரோட இருக்காங்களா? இருந்தாங்கன்னா அப்பா ரிப்போர்ட்டை விட அவங்க தான் முக்கியம். இந்த மாதிரி குடும்பத்துல, நோய் வந்தவர் ஒருத்தர் உயிரோட இருந்தா மரபணு டெஸ்ட்டை அவங்க ரத்தத்துல தான் முதல்ல பண்ணுவாங்க. அதுல குறை இருக்கற ஜீன் எதுன்னு தெரிஞ்சிட்டா உங்களுக்கும் தங்கச்சிக்கும் அதை மட்டும் பாத்தா போதும், இருக்கா இல்லையான்னு தெளிவா தெரியும். நேரா தங்கச்சிக்கு பண்ணி நார்மல்னு வந்தா, அவங்களுக்கு வரலன்னு அர்த்தமா, இல்ல குடும்பத்துல இருக்கற குறையை டெஸ்ட் பிடிக்கலன்னு அர்த்தமான்னு தெரியாது.

ஆனா அத்தைக்கு வந்தது எந்த இடத்துலன்னு பேப்பர் வேணும். நம்ம ஊர்ல கர்ப்பப்பைன்னு பொதுவா சொல்லிடறாங்க. கர்ப்பப்பை வாய்ல வர்றது பெரும்பாலும் எச்பிவி வைரஸால, அதுக்கும் இந்த பரம்பரைக்கும் சம்பந்தம் இல்ல. உள்சுவர்ல வந்திருந்தா தான் இந்தக் கணக்குல சேரும். அது டிஸ்சார்ஜ் சம்மரில ஒரு வரில இருக்கும். அத்தை உயிரோட இருந்தா அவங்க தான் கேக்கணும், அல்லது அவங்க கையெழுத்துல உங்களுக்கு அனுமதிக் கடிதம் தரணும், அவங்களுக்குத் தெரியாம வாங்கப் பாக்காதீங்க.

லிஞ்ச்னு உறுதியானா பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு வர சான்ஸ் பாதிக்குப் பாதி, ஆண் பெண் வித்தியாசம் இல்ல. அதனால டெல்டாக்காரன் சார், தங்கச்சியை மட்டும் கூட்டிட்டு அலையாம நீங்களும் ஒரு தடவை காட்டிக்கோங்க. அப்படி இருக்கறவங்களுக்கு 1 முதல் 2 வருஷத்துக்கு ஒரு கொலனாஸ்கோப்பி சொல்லுவாங்க, பாலிப் நிலைலயே எடுத்துட்டா பெரிய ஆபத்தைத் தவிர்க்கலாம்.

லண்டன் மழை:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது லண்டனிலை. இஞ்சை என்எச்எஸ்ஸிலை எங்கட சொந்த ரெக்கோர்ட் கேட்டால் காசில்லாமல் ஒரு மாசத்துக்குள்ளை தரவேணும், அது பிரச்சினை இல்லை. ஆனா ஜெனெட்டிக் கிளினிக்கிலை அம்மாவுக்கு என்ன வருத்தம் (நோய்) எண்டு ஊர் ரிப்போர்ட் கேட்டவை. ஊரிலை துண்டு வெட்டேக்கை (டிஸ்சார்ஜ் பண்ணேக்கை) தாற டயக்னோசிஸ் காட்டை அம்மா வச்சிருந்தவா, அதாலை தப்பிச்சம். இல்லாட்டி ஆஸ்பத்திரியிலை பி.எச்.ரி (உள்நோயாளி ரெக்கோர்ட்) எடுக்க எழுதிக் குடுக்க வேண்டி வந்திருக்கும். இலங்கையிலையும் 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டம் இருக்கு. தம்பி, அத்தை பழைய காட், கொப்பி ஏதும் வச்சிருக்கிறாவோ எண்டு முதல்லை வீட்டிலை பாருங்கோ.

வெட்டி ஆபீசர்:

இதுக்கு தான் எல்லாரும் ஆபா ஐடி (மத்திய அரசோட டிஜிட்டல் ஹெல்த் நம்பர்) எடுங்கன்னு சொல்றது. 14 நம்பர் வச்சா எல்லா ரெக்கார்டும் போன்லயே வந்துரும்.

பழைய ஃபைல்:

தம்பி, அது 2021ல ஆரம்பிச்ச திட்டம், ஆஸ்பத்திரி ஏத்துனா தான் போன்ல வரும். 2016 கேஸை யாரு ஏத்துவா? இனிமே வர்றதுக்கு நல்லது, எடுத்து வைங்க. ஆனா காப்பீடுன்னதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. காப்பீட்டுல ஆபரேஷனுக்கு முன் அனுமதி வாங்க பயாப்சி, ஸ்கேன் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி தான் அனுப்புவாங்க. உங்க குடும்ப காப்பீட்டு அட்டை நம்பர் இருந்தா அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுப் பிரிவுல அதைச் சொல்லிக் கேளுங்க. அட்டை போயிருந்தாலும் ரேஷன் கார்டை வச்சு தேடலாம். முன் அனுமதிக்கு போனது ஆபரேஷனுக்கு முந்தின சின்ன பயாப்சியா இருக்கும், குடலை முழுசா எடுத்த பிறகு வந்த ரிப்போர்ட் இல்ல, இருந்தாலும் கையில ஒண்ணு இருக்கட்டும்.

டெல்டாக்காரன்:

அப்டேட் போடறேன். லேட் ஆயிடுச்சு, மன்னிக்கவும்.

டீனுக்கு மனு குடுத்து சீல் வாங்குனேன். தபால் பிரிவுல இருந்த அம்மா படிச்சுப் பாத்துட்டு, பெத்தாலஜி எச்ஓடிக்கும் ஒரு காப்பி போட்டிருக்கியே யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. ஆர்எம்ஓ (ஆஸ்பத்திரி நிர்வாக டாக்டர்) கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டுட்டு, மனு மேலயே "தேடி வழங்கவும்"னு எழுதி கையெழுத்து போட்டுட்டாரு. லேப்ல மைக்ரோடோம் சார் சொன்ன அதே ரெஜிஸ்டர், 2016 ஆடி மாசம்னு அம்மா சொன்னதை வச்சு ஜூலை ஆகஸ்ட் பக்கத்தைப் புரட்டுனாங்க, அப்பா பேரு அவரோட இனிஷியலை மாத்தி எழுதியிருந்துச்சு, வயசும் வார்டும் வச்சு தான் உறுதி பண்ணோம். ரிப்போர்ட் காப்பில சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. ப்ளாக் ஸ்டோர்ல தேடணும், சொல்லி அனுப்பறோம்னாங்க. எம்ஆர்டில ஐபி நம்பர் குடுத்தும் இன்னும் பதில் இல்ல, ஆர்டிஐ எழுதி வச்சிருக்கேன், அனுப்பப் போறேன்.

அத்தை விஷயம் தான் சிக்கல். ஃபைல் அவங்க கிட்டயே இருக்கு, மஞ்சப்பைல போட்டு பீரோவுக்குள்ள. ஆனா குடுக்க மாட்டேங்கறாங்க. அவங்க பொண்ணுக்கு இப்ப வரன் பாத்துக்கிட்டு இருக்காங்க, பரம்பரை வியாதின்னு வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா, செத்தவன் பேப்பரை வச்சு உன் வேலையைப் பாரு, என்னை இதுல இழுக்காதன்னுட்டாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணுக்கும் தானே இது தெரியணும்?

புறநோயாளி:

அந்த வாக்குவாதத்தை நீங்க பண்ணாதீங்க, டாக்டர் முன்னாடி வச்சு நடக்கட்டும். மரபணு ஆலோசனைக்கு அத்தையை மட்டும் தனியா கூட்டிட்டு போங்க, முடிவை அவங்க கையில தான் குடுப்பாங்க, அவங்க சம்மதம் இல்லாம மத்தவங்களுக்கு சொல்ல மாட்டாங்கன்னு அங்கயே அவங்களே கேட்டுக்கட்டும். அவங்க பொண்ணுக்கு குறை இல்லன்னு வரவும் சரிபாதி வாய்ப்பு இருக்குன்றதையும் யாராச்சும் சொல்லணும், எல்லாரும் கெட்டதை மட்டுமே சொல்லி பயமுறுத்தறாங்க. ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. அப்பா ப்ளாக் கிடைச்சா அதுலயே ஓரளவுக்கு போகலாம்.

மைக்ரோடோம்:

ரிப்போர்ட்ல எச்பிஇ நம்பருக்குப் பக்கத்துல ஏ, பி, சின்னு எழுத்து இருக்கும், கேன்சர் கட்டி இருந்த ப்ளாக் எது, நார்மல் குடல் ப்ளாக் எதுன்னு க்ராஸ் பகுதில (துண்டு கண்ணுக்கு எப்படி தெரிஞ்சுதுன்னு எழுதற இடம்) கடைசில எழுதியிருப்பாங்க. ஸ்டோர்ல தேடறவங்க கிட்ட அந்த எழுத்தோட சொல்லுங்க, கட்டி ஒண்ணு, நார்மல் ஒண்ணு ரெண்டும் கேளுங்க. கிடைச்சா ஐஸ்ல எல்லாம் வைக்க வேணாம், சின்ன டப்பால பஞ்சு வச்சு எடுத்துட்டு போங்க, ஆனா மெழுகுங்க அது, வெயில்ல நிக்கற வண்டி சீட்டுக்கு அடில மட்டும் வைக்காதீங்க. டெஸ்ட் முடிஞ்சதும் மறக்காம திருப்பிக் குடுத்து ரசீது வாங்குங்க, நாளைக்கு உங்க அத்தை பொண்ணே அதைக் கேட்டு வரலாம்.